மேனேஜர் படிக்கிற நோட்டு

டீச்சர் சொன்னது சின்னப் பொய்தான். வீட்டுப்பாடம் வாங்குவதற்காக ஒரு புளுகுகூடச் சொல்லாத டீச்சர் எங்கேயாவது இருந்தால் அவருக்குத் தாராளமாக மாலை போடலாம். இது பரீட்சைக்குக் கண்டிப்பாக வரும் என்பார்கள், வராது. போன வருஷம் இதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எப்படி எழுதினார்கள் தெரியுமா என்பார்கள், அவர்களும் இந்த லட்சணத்தில்தான் எழுதியிருப்பார்கள். நம் டீச்சர் முதல் நாள் வகுப்பில் சொன்னது இது: "இந்த நோட்டெல்லாம் மேனேஜர் மேசைக்குப் போகுது. ஒவ்வொரு வரியையும் அவர் படிக்கிறார். அதனால கோழி கிளறின மாதிரி எழுதாதீங்க."

மேனேஜர் அந்த நோட்டுகளின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பொய் நன்றாக வேலை செய்தது. மறுவாரமே பாதிப்பேர் நோட்டுக்கு உறை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அது ஒரு சலவை ஆலை. மருத்துவமனைகள், ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்து, பிழிந்து, ஆள் உயரத்துக்கு இருக்கும் ரோலர் மெஷின்களில் விட்டு எடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வரும். ரோலரைச் சூடாக்குவது பாய்லரிலிருந்து பைப்பில் வரும் நீராவி. காலை ஷிப்டு நான்கு மணிக்கு முடிந்ததும், வாரம் இரண்டு நாள், கேன்டீன் மேசைகளை ஒதுக்கிவிட்டு டீச்சர் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாள். பதினைந்து பேர். ஏறக்குறைய எல்லாருமே டீச்சரைவிட மூத்தவர்கள். குழந்தை பிறந்ததும் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஐந்து வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு, மறுபடியும் "டீச்சர்" என்று யாராவது கூப்பிட்டது இங்கேதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே பஸ் பிடித்து ஓடி வருவாள்.

ஒன்று இன்னொன்றை உண்டாக்கியது என்று சொல்ல இங்கிலீஷில் இருக்கும் 'காஸ்' என்ற வினைச்சொல்லை நடத்தியது போன மாதம். "முதல்ல எது செஞ்சுதோ அது. அப்புறம் காஸ். அப்புறம் என்ன ஆச்சோ அது. நடுவுல வேற எதையும் சொருகாதீங்க" என்று பலகையில் எழுதினாள்.

"சமையல் காஸா டீச்சர்? எங்க வீட்டுல தீர்ந்து மூணு நாளாச்சு" என்றாள் இரண்டாவது வரிசையிலிருந்து வாயாடி. எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பே சிரித்தது. வாயாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியக்கா மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயது, பதினெட்டு வருஷ சர்வீஸ். மூன்றாம் நம்பர் ரோலரில் பெரியக்காவும் வாயாடியும்தான் ஜோடி. விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிப்பாள், மறுமுனையை அவள்.

"ஆளுக்கு அஞ்சு வாக்கியம். புத்தகத்துல இருக்கிற மழை வெள்ளமெல்லாம் வேண்டாம். உங்க வாழ்க்கையில நிஜமா நடக்கிறதை எழுதிட்டு வாங்க" என்றாள் டீச்சர்.

மழை வெள்ளம் வேண்டாம் என்று டீச்சர் சொன்னதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பதினைந்து நோட்டிலும் ஒரே வாக்கியத்தைப் படித்தால் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

நோட்டுகள் வந்தன. டீச்சர் அடுப்படி மேசையில் வைத்து ஒரு கையால் மகளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டே சிவப்புப் பேனாவால் திருத்தினாள். மறுவாரம் திருப்பிக் கொடுத்தாள். அதோடு மறந்துபோனாள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு மூன்றாம் நம்பர் ரோலரின் பைப் மூட்டு பிய்த்துக்கொண்டு, வாயாடியின் வலது கையில் தோள்வரைக்கும் நீராவி அடித்தது.

அன்று மாலை டீச்சர் வந்தபோது கேன்டீனில் நாலு பேர்தான் இருந்தார்கள். யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. "வால்வைத் திறந்தது பெரியக்காதானாம். மெதுவாத் திறக்காம ஒரே திருகாத் திருகிட்டாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. வெள்ளிக்கிழமை விசாரணை. சீட்டைக் கிழிச்சிடுவாங்க போல" என்றார் பிழியும் மெஷின்காரர். வாயாடி உயிர் பிழைத்துவிட்டாள், கை எப்படித் தேறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

டீச்சருக்கு அப்போது வருத்தம் மட்டும்தான் இருந்தது. மற்றது வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

பருவ மதிப்பெண் போடுவதற்காக அதற்கு முந்தின வாரமே எல்லார் நோட்டையும் மறுபடி வாங்கி வைத்திருந்தாள். பெரியக்காவின் நோட்டை எடுத்ததற்குக் காரணம் வெறும் பரிதாபம்தான். புரட்டினாள். 'காஸ்' பாடம். மணிமணியான கையெழுத்தில் ஐந்து வாக்கியங்கள். வெங்காயம் கண்ணீரை உண்டாக்குகிறது. என் மகனுடைய மோட்டார் சைக்கிள் தெருவில் சண்டையை உண்டாக்குகிறது. மூன்றாவது: மூன்றாம் நம்பர் மெஷினின் தளர்ந்த பைப் மூட்டு தினமும் காலையில் நீராவிக் கசிவை உண்டாக்குகிறது. நான்காவது: அந்த நீராவி என் தோழியின் மணிக்கட்டில் சிறிய கொப்புளத்தை உண்டாக்கியது. ஐந்தாவது: யாரும் சரிசெய்யாவிட்டால் அது பெரிய விபத்தை உண்டாக்கும்.

ஐந்தாவது வாக்கியத்தில் 'பெரிய விபத்து' என்பதற்கு முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் குட்டி எழுத்தைப் பெரியக்கா விட்டிருந்தாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில், மேலே ஒரு கூரை போட்டு, அழகாகச் சேர்த்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: 'மிக நன்று. எதிர்காலத்துக்கும் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பத்துக்குப் பத்து.' கையொப்பம். தேதி.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அந்தக் குட்டி எழுத்து விடவில்லை. படித்துத்தான் இருக்கிறாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்திருக்கிறாள். விபத்து வரப்போகிறது என்று ஒரு மனுஷி எழுதிக் கொடுத்திருக்கிறாள், இவள் அதற்கு எழுத்துப் பிழை பார்த்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

டீச்சரின் கணவர் டவுன் பஸ் ஓட்டுபவர். எதையும் பிரேக் போடுகிற மாதிரி யோசித்துச் சொல்கிறவர். நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதை வேற யாராவது பார்த்திருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்போ அந்தப் பக்கத்தை மறந்துடு. பைப்பை மாட்டினது நீயா? கசியுதான்னு பார்க்காம விட்டது நீயா? பாடம் நடத்துறவ பாடம்தான் பார்ப்பா. இப்போ நீ போய்ப் பேசினா உன் வேலைதான் போகும். மறுபடி வீட்டுல உட்கார்ந்துகிட்டு சுவத்தைப் பார்த்துகிட்டு இருப்பே. எனக்குத் தெரியாதா?"

அன்போடுதான் சொன்னார். அதுதான் தொல்லையாக இருந்தது. திட்டியிருந்தால் டீச்சர் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

புதன்கிழமை காலை மேனேஜரே போன் செய்தார். விசாரணைக்கு ஓர் அறிக்கை வேண்டுமாம், தலைமை அலுவலகத்துக்கு இங்கிலீஷில் போக வேண்டுமாம். "உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும் டீச்சர். ஒரு பக்கம் போதும்." டீச்சர் போய் அவர் அறையில் உட்கார்ந்தாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. சளி பிடித்த மூக்கைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னார், டீச்சர் கம்ப்யூட்டரில் இங்கிலீஷாக்கினாள். இயக்குபவரின் அவசரம் இந்த விபத்தை உண்டாக்கியது. அதற்கும் அதே வினைச்சொல்தான். முதலில் எது செய்ததோ அது, அப்புறம் காஸ், அப்புறம் என்ன ஆனதோ அது. பிழை என்று ஒரு புள்ளியைக்கூடக் காட்ட முடியாது.

"முன்னாடியே புகார் எதுவும் வரலைன்னு ஒரு வரி போட்டுடுங்க" என்றார் மேனேஜர்.

டீச்சரின் பை மடியில் இருந்தது. பைக்குள் நோட்டு இருந்தது. டீச்சர் அந்த வரியையும் டைப் அடித்தாள். விரல்கள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை, அதை நினைத்து நினைத்துப் பிறகு அவமானப்பட்டாள்.

"அருமை" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழமை நீங்களும் வந்துடுங்க. ஏதாவது மாத்தணும்னா உடனே மாத்திடலாம்."

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் பெரியக்காவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினாள். பாதி வழியில், பாதியைச் சொன்னால் போதும் என்று தோன்றியது. மாடிப்படி ஏறும்போது, முதலில் நலம் விசாரிப்போம் என்று ஆகிவிட்டது.

இரண்டே அறை. சன்னலோரம் துணி மடிக்கிற மேசை, ஆலையில் மடிப்பதைப் போலவே ஓரம் ஒட்டி அடுக்கிய விரிப்புகள். பெரியக்காவின் வலது கையிலும் கட்டு இருந்தது. வாயாடியை இழுத்துப் போட்டபோது பட்டதாம்.

"வாங்க டீச்சர், உட்காருங்க. இந்த நாற்காலி ஆடும், அந்தப் பக்கம் உட்காருங்க" என்றாள். தேநீர் போடப் போனவளை டீச்சர் தடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. இடது கையாலேயே போட்டுக் கொண்டுவந்தாள்.

"வால்வை எப்பவும் போலத்தான் திறந்தேன் டீச்சர். எண்ணி எட்டுத் திருகு. பதினெட்டு வருஷமா அதே எட்டுதான். மூட்டு தளர்ந்திருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட மூணு தடவை சொன்னேன். எழுத்துல குடு, இங்கிலீஷ்ல குடு, அப்பத்தான் மேல அனுப்ப முடியும்னு சொல்லிட்டாரு. அதுக்காகத்தானே உங்க கிளாஸ்ல சேர்ந்தேன். இல்லேன்னா இந்த வயசுல எனக்கு எதுக்கு இங்கிலீஷு?"

டீச்சர் தேநீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நிஜத்தை எழுதுங்கன்னு நீங்க சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு எழுதிட்டேன். நோட்டுதான் மேனேஜர்கிட்ட போகுதே. என் பையன் தூங்கினதுக்கு அப்புறம் நாலு தடவை எழுதிப் பார்த்து, அப்புறம் நோட்டுல ஏத்தினேன். நீங்களும் நல்லாருக்குன்னு போட்டிருந்தீங்க. அப்புறம் சூப்பர்வைசரைப் போய் ஏன் மறுபடி தொந்தரவு பண்ணணும்னு நான் வாயே திறக்கலை. ஆள் வருவாங்கன்னு தினமும் பார்த்துகிட்டே இருந்தேன்."

சொல்லு, சொல்லு என்று டீச்சருக்குள் ஏதோ முட்டியது.

"மேனேஜர் படிச்சிட்டும் சும்மா இருந்துட்டாரே, அதுதான் டீச்சர் எனக்கு ஆறலை. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். உங்க வேலை பாடம் நடத்துறது." பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன். நாளைக்கு நான் நோட்டைப் பத்திப் பேச மாட்டேன். பேசினா, நீங்கதான் எங்களைத் தூண்டிவிட்டு எழுத வெச்சீங்கன்னு உங்க மேல பாய்வாங்க. சின்னப் பொண்ணு உங்க பொண்ணு. எனக்கு என்ன, எங்கேயாவது நாலு வீட்டுல துணி தேச்சாவது பொழைச்சுக்குவேன்."

அந்த இடத்திலாவது டீச்சர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "உடம்பைப் பார்த்துக்குங்க அக்கா" என்றாள். படி இறங்கினாள். தெருமுனை வரைக்கும் நடந்து, மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். தன் குட்டிப் பொய்யை நம்பி ஒருத்தி தன் வேலையையே விடத் தயாராக இருக்கிறாள், அதுவும் பொய் சொன்னவளைக் காப்பாற்றுவதற்காக. இதைவிடக் கேவலமாக யாரும் தன்னை அடித்துவிட முடியாது என்று டீச்சருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. மேனேஜர் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மேனேஜர், பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அம்மா. எதிரே சூப்பர்வைசரும் பெரியக்காவும். ஓரமாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் டீச்சர். திருத்தம் வந்தால் திருத்துவதற்காக.

மேனேஜர் அறிக்கையைப் படித்தார். பெரியக்காவுக்கு அதில் பாதி புரிந்தது. அந்த வினைச்சொல் வந்த இடத்தில் அவள் சட்டென்று நிமிர்ந்ததை டீச்சர் பார்த்தாள். புரிந்துவிட்டது. புரியும்படி நன்றாகச் சொல்லிக் கொடுத்தவள் இவள்தானே.

"நான் அவசரப்படலை சார். மூட்டு தளர்ந்து ரொம்ப நாளாச்சு. இவர்கிட்ட மூணு தடவை சொன்னேன்" என்றாள் பெரியக்கா.

"எங்கிட்டயா? எப்போ?" என்றார் சூப்பர்வைசர். பேயறைந்த முகம், ஆனாலும் வாய் ஒப்புக்கொள்ளவில்லை.

தலைமை அலுவலக அம்மா பேனாவை எடுத்தார். "எழுத்துல ஏதாவது குடுத்திருக்கீங்களாம்மா? ஒரு துண்டுக் காகிதமா இருந்தாலும் பரவாயில்லை."

பெரியக்கா டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க" என்றாள்.

"அப்போ முன்னாடி புகார் இல்லைங்கிறது சரிதான்" என்று மேனேஜர் பக்கத்தைப் புரட்டினார்.

"குடுத்திருக்காங்க" என்றாள் டீச்சர்.

அவளுக்கே தன் குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. பையைத் திறந்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, மேசையில் அறிக்கைக்கு மேலேயே வைத்தாள்.

அந்த அம்மா படித்தார். விரலால் தொட்டுத் தொட்டு, ஐந்து வாக்கியத்தையும். மேனேஜர் எட்டிப் பார்த்தார், கைக்குட்டை மூக்கருகில் அப்படியே நின்றது.

"இந்தச் சிவப்பு மை யாருடையது?"

"என்னுடையது."

"தேதி போன மாசம் பதினொண்ணு. அப்போ இதைப் படிச்சிருக்கீங்க."

"படிச்சேன். பிழை திருத்தினேன். யார்கிட்டயும் சொல்லலை. இந்த நோட்டை எல்லாம் மேனேஜர் படிக்கிறார்னு இவங்ககிட்ட பொய் சொல்லியிருந்தேன், ஒழுங்கா எழுதணும்கிறதுக்காக. அதை நம்பித்தான் இவங்க இதுல எழுதினாங்க. சார் இதைப் பார்த்ததே இல்லை. புதன்கிழமை புகார் வரலைன்னு அடிச்சப்போ நோட்டு என் மடியிலதான் இருந்தது." நோட்டுக்கு அடியில் இருந்த அறிக்கையைக் காட்டினாள். "அந்த முதல் வாக்கியத்தையும் மாத்தணும். அது இவங்க அவசரத்தால நடக்கலை."

சூப்பர்வைசர் நாற்காலியை ஒருமுறை நகர்த்தினார்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. தலைமை அலுவலக அம்மா அந்தப் பக்கத்தை நகல் எடுக்கச் சொன்னார். மூன்றாம் நம்பர் மட்டுமல்லாமல் எல்லா ரோலரையும் நிறுத்திவிட்டுப் பைப் பார்க்க ஃபிட்டரை அனுப்பினார்கள். பெரியக்கா மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதினார்கள். சூப்பர்வைசரை வெளியே விடாமல் உட்கார வைத்தார்கள். "உங்க கிளாஸைப் பத்தி நாங்க அப்புறம் சொல்றோம்" என்று டீச்சரிடம் மேனேஜர் சொன்னார், முகத்தைப் பார்க்காமல். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குத் தெரியும்.

வெளியே நடைவழியில், ஆவியும் சோப்பும் கலந்த வாசனையில், இரண்டு பேரும் நின்றார்கள். உள்ளே ரோலர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. டீச்சர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். பெரியக்கா முந்திக்கொண்டாள்.

"அப்போ மேனேஜர் படிக்கவே இல்லையா?"

"இல்லை அக்கா."

பெரியக்கா அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பது போல நின்றாள். பத்து நாள், இருபது நாள், யார் மேல் கோபப்பட்டோம் என்று கணக்குப் பார்த்தாளோ என்னவோ. பிறகு கை நீட்டினாள். டீச்சர் நோட்டைக் கொடுத்தாள். கட்டுப் போட்ட கையால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் உறையின் கிழிந்த ஓரத்தைச் சரி செய்தாள்.

"நீங்க படிச்சீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. டீச்சர் தலையை ஆட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவளுக்கு இடது கையால எழுதப் பழக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா படி இறங்கிப் போனாள். டீச்சர் என்று கூப்பிடாமல் அவள் பேசியது அன்றைக்குத்தான்.